அரைத் தேக்கரண்டி உப்பு

நீர்மாலைக் குடத்தை இறக்கி வைத்தபோது முத்திருளனின் தோள் முழுவதும் நனைந்திருந்தது. கோச்சடை பம்புசெட்டிலிருந்து கொட்டுச் சத்தத்தோடு ஏழு குடம் வந்திருந்தது. அவ்வளவும் அவன் மனைவி ஜெயக்கொடியின் உடலைக் குளிப்பாட்ட. நேற்று இரவு அவள் கேட்டது ஒரு மடக்கு.

"வயித்தால போறப்பத் தண்ணி குடுத்தா இன்னும் பிடுங்கிக்கிட்டுப் போகும்டா," என்றாள் அம்மா செல்லத்தாய். அவன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மூடி வைத்தான். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ காளவாசலைத் தாண்டும்போது அவள் கை சில்லிட்டிருந்தது.

"குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சார்."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"சயின்ஸ் வாத்தியார்."



வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல், காலாண்டுத் தேர்வில் அவனே கேட்ட கேள்விதான். ஐந்து மதிப்பெண். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பின் அளவைத் தப்பாக எழுதிய ஒருத்திக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருந்தான்.

உள்ளறையில் அம்மாவின் மடியில் மகள் சோலை சுருண்டு கிடந்தாள். மூன்று வயது.

"காலையிலருந்து நாலு தடவை போயிருச்சு," என்றாள் அம்மா. "சூடு பிடிச்சிருக்கும். வெறும் வயிறாப் போட்டா நின்னுரும்."

குழந்தையின் கண் குழி விழுந்திருந்தது. நேற்று ஜெயக்கொடியின் கண்ணில் அவன் பார்த்த அதே குழி.

"அப்பா, தண்ணி," என்றாள்.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அவன் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனான். இழவுக்கு வந்தவர்களுக்காக முனியாயி கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொதிச்ச தண்ணி வேணும்க்கா."

"காப்பியே தாரேன் தம்பி. நீ ராத்திரியிலருந்து ஒண்ணும் குடிக்கல."

"தண்ணி போதும்."

பாத்திரத்தோடு அடுப்படிக்கு வந்தான். ஒரு லிட்டரை எதில் அளப்பது என்று தெரியவில்லை. அரை லிட்டர் பால் பாட்டில் ஒன்று கிடந்தது. கழுவி, இரண்டு தடவை அளந்து ஊற்றி, ஆற்றினான். சீனி கிடைத்தது. உப்பைக் காணவில்லை. எங்கே இருக்கிறது என்று ஜெயக்கொடியைத்தான் கேட்க வேண்டும். நான்கு டப்பாக்களைத் திறந்த பிறகு அடுப்புக்குப் பின்னால் ஜாடி இருந்தது. உள்ளே கல்லுப்பு. அரைத் தேக்கரண்டிக் கல்லுப்பு எவ்வளவு என்று பாடத்தில் இல்லை. டம்ளரின் அடியால் நசுக்கித் தூளாக்கி அளந்தான். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அவன் இன்னும் அழவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்து, இருக்கட்டும் என்று முடிவு செய்தான்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கி முதல் கரண்டியை ஊட்டினான். விழுங்கிய வேகத்தில் வாந்தி எடுத்தாள்.

"பாத்தியா," என்றாள் அம்மா. "சொன்னாக் கேளுடா. இதையும் பறிகொடுத்துராத."

"போகட்டும்மா. போறதத் திருப்பிக் குடுக்கணும். அம்புட்டுத்தான்."

கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு கரண்டி கொடுத்தான். அது நின்றது.

ஜெயக்கொடியின் அண்ணன் கருத்தக்கண்ணன் கூப்பிட வந்தான். "தண்ணி ஊத்தணும். வாங்க மாப்ள." சொல்லிவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்தான். "என்ன அது?"

"உப்பு, சீனி போட்ட தண்ணி. இதுக்குக் குடுக்குறது."

"எங்க தங்கச்சிக்குக் குடுத்தீகளா?"

"இல்ல."

"இன்னைக்குத்தான் தெரிஞ்சதாக்கும்."

"நேத்தும் தெரியும்."

கருத்தக்கண்ணன் நின்றான். கை ஒருமுறை மேலே எழுந்து, தோள் துண்டைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. போய்விட்டான். அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கொல்லையில் மறைப்புச் சேலைக்குப் பின்னால் குடங்களைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அவனை இரண்டு தடவை கூப்பிட்டார்கள்.

"வாரேன்," என்றான்.

மஞ்சள் கலந்த தண்ணீர் மண்ணில் வாய்க்கால் பிடித்து வந்து, அவன் பாதத்தில் மோதி, இரண்டாகப் பிரிந்து ஓடியது. காலை நகர்த்தாமல் அடுத்த கரண்டியை எடுத்தான். குழந்தை வாயைத் திறந்தாள்.