சனிக்கிழமைக்கு ஓர் ஊதா

ஊதாவுக்கு எங்கே போவது இந்தக் கோடையில், அறுத்த வயலில் தாள் வெளுத்துக் கிடக்கிறது, குளம் பாளம் பாளமாக வெடித்துவிட்டது, போன சனிக்கிழமை வரப்போரம் இருந்த ஒற்றைக் கொளுஞ்சிச் செடியையும் எருமை மேய்ந்துவிட்டது, அதுவும் அவருடைய எருமையேதான்... கையில் மனைவியின் போனோடு பூன்மா வரப்பில் நின்றார். ஊர் வழக்கப்படி நாளுக்கொரு நிறம், திங்கள் மஞ்சள், புதன் பச்சை, வெள்ளி நீலம், மனைவி பியெங் அந்தந்த நிறத்தில்தான் உடுத்துவாள், விடிந்ததும் அந்த நிறத்துப் பூப்படம் ஒன்றை உறவுக்கெல்லாம் போனில் அனுப்பிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். எவனோ எங்கேயோ எடுத்த பூவை அனுப்புகிறாயே, வேறு வேலை இல்லையா என்று எத்தனை தரம் கேட்டிருப்பார்? இப்போது யாருக்கு வேலை இல்லை? நான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் இவர்தான் அவளுக்குப் படம் எடுத்து அனுப்புகிறார், ஆனால் எவனோ எடுத்ததை அல்ல, இந்த மண்ணில், இந்த வயலில் இருப்பதை. நீலம் சுலபம், வானம் எங்கே போய்விடும். வியாழனுக்கு மடத்துக் கொடியில் காயும் துறவிகளின் காவி அங்கி. சனிதான் உயிரை வாங்குகிறது.

அவளுடைய ஊதாக் கைலியை வேலியில் கட்டி எடுத்துவிடலாமா... சீ, தன் கைலி அவளுக்குத் தெரியாதா. தெரியுமா? அதுதானே கேள்வி. அன்று காலை சோற்றுக்கூடையோடு நின்று ஏதோ சொன்னாள், வாய் குழறியது, “என்னடி, விடியுறதுக்குள்ளயே ஊத்திக்கிட்டியா?” என்றார், அவரே சிரித்தும் கொண்டார், எருமையை ஓட்டிக்கொண்டு போனார். மதியம் வந்து பார்த்தால் கூடை கவிழ்ந்து கிடக்கிறது, சோற்றில் எறும்பு, அவள் கண் திறந்தபடி, ஒரு பக்கம் செத்துப்போய்... என்ன சொல்ல வந்தாள்? மகள் சுடா வந்து கோராட் நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் வருகிறேன் என்றால், “நாலாவது மாடிப்பா, உங்க முட்டிக்கு ஆகாது.” போனை அம்மா காதில் வை என்றால், “தூங்குறாங்கப்பா.” எப்போது கேட்டாலும் தூக்கமா? டாக்டர் என்ன சொன்னான் என்றால் பேச்சை மாற்றுகிறாள். மகள் போனுக்குப் படம் ஒன்றுதான் போகிறது, குரல்தான் திரும்பி வருகிறது, இவருக்கு எழுத்து ஓடாது என்று சுடா பேசி அனுப்புவாள், இன்று காலையும் வந்தது: “அப்பா, நேத்து நீலத்தை அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. விரலைத் தூக்கினாங்கப்பா, நெஜமா.” மூன்று தரம் போட்டுக் கேட்டார். விரலைத் தூக்கினாள் என்றால் கோபம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஆனால் நெஜமா என்று சுடா ஏன் சொன்னாள்? இதற்கு முன் சொன்னதில்லையே...

மடைப்பக்கம் நடந்தார். கடைக்கார லாம்யை குறுக்கே வந்தாள், சைக்கிளில் கத்திரிக்காய்க் கூடை. “என்ன மாமா, இன்னைக்கு ஊதாவா? இந்தாங்க, கத்திரிக்காயைப் பிடிச்சு அனுப்புங்க, அத்தை எந்திரிச்சு வந்து குழம்பே வச்சிருவாங்க!”

“உன் மூஞ்சியைப் பிடிச்சு அனுப்புறேன். பயந்துபோய் எந்திரிச்சிருவா.”

சிரித்துக்கொண்டே போனாள், சிரிக்கட்டும், அவள் புருஷன் ஒழுங்காகப் பேசுகிறான், சாப்பிடுகிறான். மதகுக்கடியில் கொஞ்சம் சேறு, எருமை புரண்ட குழி, அதில்... ஆகாயத்தாமரை, ஒரே ஒரு கொத்து, ஊதா, நடுவில் மஞ்சள் பொட்டு. முட்டி நொறுங்க மண்டியிட்டார், முதல் படம் கலங்கியது, இரண்டாவது விழுந்தது. பாருடி, சனிக்கிழமை. தவறவிடவில்லை.

கீழே போனில் சிக்னல் கோடு வராது, கரை ஏறினால்தான் வரும். ஏறினார், திரையைத் தள்ளினார், நேற்றைய நீலம் இருந்தது, பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. இது என்ன? வியாழன் படத்துக்குப் பக்கத்தில் அது இல்லை, அங்கே பார்த்தாயிற்று என்று சொல்லும் பொடி எழுத்துகள், படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். நீலத்துக்கு அந்த எழுத்துகள் இல்லை. நேற்று வயல் நடுவில் நின்றே அமுக்கிவிட்டுப் பையில் போட்டார்... போகவில்லை. நீலம் இங்கேயேதான் இருக்கிறது.

அப்படியானால் அவள் எதைப் பார்த்தாள்?

அடுத்தவர் சொல் ஒன்றையும் நம்பாமலே எழுபத்திரண்டு வயது வந்துவிட்டது, டாக்டரை, அரிசி ஆலைக்காரனை, பெற்ற மகளைக்கூட. இன்று மட்டும் நம்ப ஒரு வழி தேடினார். வெள்ளிக்கிழமை என்று அவளுக்கே தெரிந்திருக்குமோ, சன்னலில் வானத்தைப் பார்த்திருப்பாளோ, அதைத்தான் சுடா... மற்ற நாள்களெல்லாம்? வியாழனன்று அங்கியைப் பார்த்தாள் என்றது? அதற்கு முந்தைய புதன்? அம்புக்குறியைத் தொட்டால் நீலம் இப்போதே போய்விடும், சுடா பார்ப்பாள், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிடும், நாளைக்கு அந்தக் குரலும் வராது.

நீலத்தை அழித்தார். ஊதாவை அனுப்பினார். அடியில் அந்தப் பொடி எழுத்துகள் உடனே வந்து நின்றன, யாரோ பார்த்துவிட்டார்கள்.