போதுங்களாம்மா

குளிர்சாதன அறைக்குள் பறையின் தோல் தளர்ந்துவிடும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. கிட்டாரோடு வந்தவர்கள் பறையை இப்படியொரு அறையில் கேட்டதில்லை. பறையோடு வந்தவர் அதுவரை அப்படியொரு அறையில் கால் வைத்ததில்லை. முதல் அடி விழுந்ததும் ஈரச் சாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கோதண்டபாணி நெற்றியைச் சுருக்கினார்.

ஏன் என்று காந்தாவுக்குத் தெரியும். சின்ன வயதில் வைக்கோலை அள்ளி அள்ளிப் போட்டு, அந்தத் தீயில் தோல் விறைப்பாகும்வரை பக்கத்தில் குந்தியிருந்தவள் அவள். ஆனால் அதைச் சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று சீனிவாசன் கேட்பான். அவள் மைக்கின் உயரத்தைச் சரிசெய்வது போல நின்றாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. அவர்கள் மூன்று பேர் சேர்ந்த செட்டுக்கு ‘தி ஃபியூஸ்’ என்று பெயர். காஞ்சிபுரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, கூச்சல் செட்டு என்பார்கள். கிட்டார் யேசுதாஸ், கிறிஸ்தவ விடுதியில் படித்தபோது ஒரு பாதிரியாரின் கிட்டாரில் கற்றுக்கொண்டவன். டிரம்ஸ் சீனிவாசன், ஏனாத்தூரில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் கடலை மூட்டை ஏற்றும் வேனும் அவனுடையவை. பாடுவது காந்தா. பாடுவது என்று சொல்லக்கூடாது, கத்துவது. பகலெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் “நம்பர் ப்ளீஸ்” என்று பஞ்சு போன்ற குரலில் பேசிவிட்டு, சாயங்காலம் ஏனாத்தூர் கடலைக் கிடங்கில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவாள். கரண்டு கட்டாவதைப் பற்றி ஒரு பாட்டு. ரேஷன் கடை வரிசையைப் பற்றி ஒரு பாட்டு. எதுவும் இரண்டு நிமிஷத்தைத் தாண்டாது. ஏன் இத்தனை வேகம் என்று கேட்டால், “மெதுவா வாசிச்சா எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்றது தெரிஞ்சிடும்” என்பான் சீனிவாசன்.

முதல் இசைத்தட்டை வேறொரு ஸ்டூடியோவில் போட்டார்கள். அங்கிருந்தவர் எல்லாச் சத்தத்தையும் குறைத்துக் குறைத்து, கடைசியில் அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் துலக்குவது போல ஆக்கிக் கொடுத்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த துரைக்கண்ணு ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னாபா, ஊசி மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார்.

அதனால் இரண்டாம் தட்டுக்கு சீனிவாசன் ஒரு யோசனை சொன்னான். “எங்க ஊர்ல பொணம் எடுக்கும்போது ஒரு அடி அடிப்பாங்க. அத மூணு மடங்கு வேகத்துல வச்சா எவனும் நிக்க முடியாது. டிரம்ஸ்ல அது வரல. அந்த ஆளுங்களே வேணும்.”

யேசுதாஸ் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டே, “மாகறல் காலனில ஒருத்தர் இருக்காரு. அவர மாதிரி அடிக்க இந்தப் பக்கம் ஆளு கெடையாது” என்றான். சொல்லிவிட்டு காந்தாவைப் பார்த்தான்.

அவர் எங்கப்பா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவளுடைய அப்பா சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் என்றுதான் சீனிவாசன் நினைத்திருந்தான். அந்தப் பொய் அவனுக்காகப் பிறந்ததில்லை. பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு அறை கேட்டுப் போனபோது, தறிக்கார வீட்டம்மா கேட்ட ஒரு கேள்விக்கு வாயில் வந்தது. ஓரிடத்தில் சொன்னதை அடுத்த இடத்தில் மாற்றமுடியாமல் அது அவளோடு ஊரெல்லாம் நடந்தது.

“கூட்டிக்கினு வா” என்றாள் யேசுதாஸிடம்.

கிடங்குக்கு வெளியே வந்ததும் அவன் கேட்டான். “நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“எதுவும் சொல்ல வேணாம்.”

“நான் எந்தக் காலனின்னு அவனுக்குத் தெரியும் காந்தா. ஒண்ணும் ஆவல. டிரம்ஸத் தூக்கிக்கினு ஓடிடல அவன்.”

“நீ ஆம்பள” என்றாள். அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

பதிவு நாளன்று அவள் அப்பா சின்னப்பையன் காலையிலேயே வந்து பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். அவள் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாமல். பறையைப் புது வேட்டியில் சுற்றி, சீர்த்தட்டு போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். மகள் பாட்டுக்கு அடிக்கப் போகிறேன் என்று காலனி முழுக்கச் சொல்லிவிட்டு வந்த முகம் அது. வேனைக் கண்டதும் அவர் வாய் திறக்கப் பார்த்தார்.

“வாங்க பெரியவரே” என்று காந்தா முந்திக்கொண்டாள். “பின்னால ஏறிக்குங்க.”

அவர் அவளைப் பார்த்தார். ஓட்டும் இடத்தில் இருந்த சீனிவாசனைப் பார்த்தார். சாவு வீட்டு வாசலில் யார் எங்கே நிற்கவேண்டும் என்று ஒரே பார்வையில் அளந்து பழகியவர். “சரிங்கம்மா” என்றார். போய் கடலைச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சென்னை போகும் வழியில் பூந்தமல்லி வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டிருக்கலாம். குத்தலாகச் சொல்லியிருந்தால் அழுதிருக்கலாம். கனமான மூட்டைக்கு ஒரு கை கொடுப்பது போல அல்லவா சொன்னார். பொய்யின் ஒரு முனையை அவள் தூக்கினாள், மறு முனையை அவர் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் ஊரில் அவள் என்ன சொல்லித் திரிகிறாள் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இப்போது ஸ்டூடியோவில், தளர்ந்த தோலை விரல் நுனியால் தடவிக்கொண்டு நின்றார்.

“இன்னா பெரியவரே, சத்தத்த ஊர்லயே வச்சிட்டு வந்துட்டியா?” என்றான் சீனிவாசன்.

அவர் சிரித்தார். நெருப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. காந்தாவைப் பார்த்தார், அவள் கேட்கச் சொன்னால் கேட்கலாம் என்பது போல. அவள் மைக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் யேசுதாஸ்தான், “அனல் காட்டணும் சார்” என்றான்.

கொல்லையில் மின்சாதனப் பெட்டிகளுக்குள் அடைத்து வந்த வைக்கோல் கிடந்தது. காவலாளி கைலாசத்திடம் நல்ல வார்த்தை சொல்லி, முருங்கை மரத்தடியில் தீ மூட்டினார்கள். தோல் கணீரென்றது. உள்ளே கொண்டுவந்து பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் மறுபடி ஈரச் சாக்கு. திரும்பவும் கொல்லைக்கு, திரும்பவும் உள்ளே. கோதண்டபாணி பொறுத்துப் பார்த்துவிட்டு, மைக்கையே நீள ஒயர் போட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனார். “அவர் நெருப்புக்கிட்டயே இருக்கட்டும். நீங்க உள்ளே வாசிங்க. காதுல ஹெட்போன் மாட்டினா ரெண்டு பக்கமும் கேட்கும்.”

ஆக, அவர் வெளியே, அவள் உள்ளே. ஆனால் ஹெட்போனை மாட்டியதும் அவருடைய மூச்சு அவள் காதுக்குள் இருந்தது. வைக்கோல் பொரிவது கேட்டது. தொண்டையைச் செருமுவது கேட்டது. கோதண்டபாணி நாடாவை மாற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே அப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டார் போலிருக்கிறது. மைக் திறந்திருப்பதும் அவருக்குத் தெரியவில்லை. கைலாசத்தின் குரல் வந்தது.

“யாருபா அந்தப் பொண்ணு, அந்தக் கத்து கத்துது?”

“யாரோ பெரிய எடத்துப் பொண்ணுபா. எனக்கு இன்னா தெரியும். கூப்டாங்க, வந்தேன்.”

“உனக்குப் புள்ளைங்க?”

“ஒரே பொண்ணு. காஞ்சிபுரத்துல டெலிபோன் ஆபீஸ்ல இருக்குது. பேசினா வெளிய கேக்காது, அவ்ளோ அமரிக்கை.”

உள்ளே மூன்று பேர் காதிலும் அது விழுந்தது. யேசுதாஸ் கிட்டாரைக் குனிந்து பார்த்தான். சீனிவாசன் சிரித்தான். “உங்க ஆபீஸாமே காந்தா. யாரு அது, தெரியுமா?”

இதைவிட நல்ல கதவு அவளுக்குத் திறந்திருக்காது.

“தெரியல” என்றாள். “நிறைய பேர் இருக்காங்க.”

அடுத்துப் பதிவானதுதான் தட்டில் வந்தது. அவள் கத்திய கத்தலில் கோதண்டபாணி ஒரு கணம் நாற்காலியோடு பின்வாங்கினார். பறை அவளைத் துரத்தியது, அவள் ஓடினாள், கிட்டார் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அலறியது. கடைசி அடி விழுந்து சத்தமெல்லாம் அடங்கிய இடத்தில், மூச்சு வாங்கிக்கொண்டே அவருடைய குரல் மட்டும் வந்தது.

“போதுங்களாம்மா?”

கோதண்டபாணி வாய்விட்டுச் சிரித்தார். “இது இருக்கட்டும்யா. வெட்ட வேண்டாம். பாட்டுக்கே இதுதான் முடிவு. என்னம்மா?”

வெட்டச் சொல்லியிருக்கலாம். காந்தா தலையாட்டினாள்.

அந்தத் தட்டை துரைக்கண்ணு ஊசி தேயத் தேயப் போட்டார். பாட்டு பிடித்ததோ இல்லையோ, கடைசியில் வந்த அந்தக் கிழவர் குரல் ஊருக்குப் பிடித்துப்போயிற்று. டீக்கடைக்காரர் சர்க்கரை போட்டுவிட்டு “போதுங்களாம்மா?” என்றார். கண்டக்டர் சில்லறையை நீட்டிச் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் பக்கத்து இருக்கை தில்லையம்மாள் ஒவ்வொரு லைனைத் துண்டிக்கும்போதும் அதே இழுப்போடு சொல்லிவிட்டு, “யாருடி அந்த ஆளு? பாவம், உன்கிட்ட நடுங்கிக்கினு கேக்குறாரு” என்று சிரிப்பாள். காந்தாவும் கூடவே சிரிப்பாள். சிரித்துவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். மாகறலுக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

கைத்தறிக் கண்காட்சி மைதானத்தில் அவர்களுக்கு ஒரு சாயங்காலம் கொடுத்தார்கள். கூட்டம் முதல் பாட்டிலேயே கடைசி வரியைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தது. அந்தப் பாட்டு வந்தது. முடிந்தது. சீனிவாசன் டிரம்ஸை விட்டு எழுந்து, துண்டை அக்குளில் இடுக்கி, முதுகை வளைத்து, கையைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

“போதுங்களாம்மா?”

மைதானம் கொல்லென்று சிரித்தது. அவள் அந்த வளைந்த முதுகைப் பார்த்தாள். அப்பா அன்றைக்கு முதுகை வளைக்கவே இல்லை. நிமிர்ந்துதான் நின்றார், அந்த இஸ்திரிச் சட்டையில். வளைத்தது அவள்.

“அவரு எங்கப்பா” என்றாள். மைக் அதை எல்லா ஒலிபெருக்கிக் குழாய்களிலும் கொண்டுபோயிற்று. “மாகறல் காலனி சின்னப்பையன். எங்கப்பா.”

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது, இதுவும் வேடிக்கையின் பகுதி என்று. சீனிவாசன் சிரிக்கவில்லை. அவன் மெதுவாக நிமிர்ந்தான். துண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றான் பிறகு, வேனில் சாமான் ஏற்றும்போது. “சொல்லியிருந்தா நான் அப்படிப் பண்ணுவனா?”

பண்ணியிருக்க மாட்டான் என்றுதான் தோன்றியது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. சொல்லிவிட்டதும் இறங்கும் என்று நினைத்திருந்த பாரம் இறங்கவில்லை. முன்பின் தெரியாத கூட்டத்துக்குச் சொல்லியாயிற்று. சொல்லவேண்டியவருக்கு இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாகறல் பேருந்தில் போய் இறங்கினாள். அப்பா வீட்டுக்கு முன்னால் வைக்கோலைக் குவித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் ஒரு சாவு.

“இன்னாமா, லீவா?” என்றார், நேற்றுப் பார்த்தது போல.

அவள் குந்தி உட்கார்ந்து நெருப்புக்கு ஒரு பிடி வைக்கோல் போட்டாள். கை பழையபடி அளவு மறக்காமல் போட்டது. அதுவே அவளை உறுத்தியது.

“தட்டு வந்துதா?” என்றார்.

“வந்துதுபா.”

“என் அடி கேக்குதா?”

“கேக்குது. கடைசியில நீ பேசுனதும் கேக்குது.”

“நான் இன்னா பேசுனேன்?”

அவள் சொன்னாள். அந்த ‘ங்க’வை உச்சரிக்கும்போது நாக்கு புரளவில்லை. அவர் புகையைக் கையால் விலக்கினார். முகம் மெல்லக் கன்றியது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல, “ஒயரு வழியா அதுவும் போயிடுச்சா” என்றார். “யாரும் தப்பா நெனக்கலயே? உன்னக் கேட்டாங்களா?”

“அப்பா.”

“அத மட்டும் எடுத்துட சொல்லேன்மா. அந்த சார்கிட்ட.”

“எடுக்க முடியாதுபா” என்றாள். “எல்லாத் தட்டுலயும் இருக்குது. நான்தான் இருக்கட்டும்னு தலையாட்டினேன்.” பிறகு நேற்று மைதானத்தில் சொன்னதைச் சொன்னாள். யார் கேட்டார்கள், யார் சிரித்தார்கள் என்பதையும் விடாமல் சொன்னாள்.

அவர் பறையைத் தீயின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, காதருகே கொண்டுபோய் ஒரு விரலால் சுண்டினார். இன்னும் விறைப்பு வரவில்லை. வைக்கோலுக்காக அவளிடம் கையை நீட்டினார்.