வொல் என்றால் மண்

தேவாலயம்வரை இன்னாசித்தம்பி பொறுத்துக்கொண்டார். எண்ணூறு வருசக் கருங்கல் என்று மருமகன் ஸ்ரான்லி சுவரைத் தட்டிக் காட்டினான், ஏதோ தானே அடுக்கிவைத்தவன் மாதிரி. இக்காஸ்ட் நகரிலிருந்து பஸ்ஸில் வந்த பன்னிரண்டு தமிழரும் தலையாட்டினார்கள். மியூசியத்து டெனிஸ்காரி கியர்ஸ்டனும் ஆட்டினாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

ஆனால் இன்றைக்கு அவள்தான் பரீட்சை வைப்பவள். அவளுக்குத் திருப்தி என்றால் வழிகாட்டி வேலை ஸ்ரான்லிக்கு. மகள் மேரிகிறேஸ் முதியோர் இல்லத்தில் செய்யும் ஞாயிறு வேலையை விடலாம். நாரி நோ, குனிய ஏலாது என்று நாலு வருசமாகச் சோபாவில் கிடந்தவனுக்கு வாய் மட்டும் நோகவில்லை, அதனால் கிடைத்த வாய்ப்பு.

அடுத்தது கோட்டை. புல் முளைத்த ஒரு மேடு, சுற்றி ஒரு பள்ளம், நடுவில் ஆட்டுப் புழுக்கை.

"கோட்டை எங்கை தம்பி?" என்றாள் கூட்டத்தில் நின்ற விமலாதேவி.

"இதுதான் அக்கா. டெனிஸ் பாஷையிலை வொல்ஸ்டெத் எண்டு சொல்லுறது. வொல் எண்டா வன்முறை, ஸ்டெத் எண்டா இடம். வெட்டுக்குத்து நடந்த இடம்."

"எத்தினை பேர் செத்தவை?"

"முந்நூறுக்குக் குறையாது."

விமலாதேவி காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தாள்.

டெனிஸ் பேப்பரில் வொல் என்றால் வன்முறைதான். படித்தவனுக்கு அது போதும். இன்னாசித்தம்பி படிக்கவில்லை. ஹெர்னிங் றோட்டோரம் இரண்டு வருசம் மண் கொத்தினவர். கார்ச் சத்தம் வீடுகளுக்குப் போகாமல் அணை கட்டினார்கள். அந்த மண்ணணைக்கும் வொல் என்றுதான் பெயர். அங்கே ஒருத்தரும் சாகவில்லை.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். அவன் மருமகனாக வந்த நாளிலிருந்து ஒன்பது வருசமாக அவர் பார்த்திருந்த சந்தர்ப்பம். வாயைத் திறந்தார்.

கியர்ஸ்டன் பேனையோடு அவரிடமே வந்தாள். எல்லாருக்கும் விளங்கிச்சா, நன்றாகச் சொன்னானா என்று டெனிஸில் கேட்டாள்.

ஞாயிறு பின்னேரம் மகள் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் கதவடியில் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வந்ததை இருமல் மருந்துபோல விழுங்கிவிட்டு, "நல்லாச் சொன்னவன்" என்று அவளுடைய பாஷையிலேயே சொன்னார். அவள் சரி போட்டாள்.

பஸ்ஸில் ஸ்ரான்லி பக்கத்தில் வந்து குந்தினான். "கண்டியளே மாமா, சனம் எப்பிடிக் கேட்டதெண்டு?"

"வொல் எண்டா மண்ணணை. ஹெர்னிங் றோட்டிலை நான் கட்டினது."

ஸ்ரான்லி பின்சீற்றுகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அப்ப ஏன் அங்கை சொல்லேல்லை?"

"உமக்காக இல்லை. பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும்." இன்னாசித்தம்பி யன்னல் பக்கம் திரும்பினார். "வாற கிழமை மண்ணைச் சொல்லும். செத்த முந்நூறு பேரையும் வீட்டிலை விட்டிட்டுப் போம். நானும் வருவன், முன்னுக்குத்தான் நிப்பன்."