சாட்சிக்கு ஒரு அத்தை

"இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுப் போடலாமா சிஸ்டர்?" என்று அவன் கேட்டபோது, நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றியே விட்டிருந்தாள். கேட்டவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டிலில் கிடந்தவள் அவனுடைய அப்பாவின் தங்கை. அது வலிக்கான ஊசி. போட்டால் அத்தை ஐந்து நிமிடத்தில் உறங்கிவிடுவாள். பதினொரு மணிக்குத் தூதரகத்திலிருந்து அதிகாரி வருகிறார். உறங்குகிறவளிடம் சத்தியம் வாங்க முடியாது.

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நோயாளியே சொன்னால்தான் நிறுத்துவேன் என்றாள். அத்தை கண்ணைத் திறக்காமலே, "அப்புறம் போட்டுக்கறேம்மா. பையன் வேலை முடியட்டும்" என்றாள். நாற்பத்தைந்து வயதுப் பையன் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பையனின் வேலை இதுதான். அவன் தாத்தா பிறந்தது வேறொரு நாட்டில். அங்கே பிறந்தவரின் பேரன் என்று நிரூபித்தால் அந்த நாடு குடியுரிமை தரும். ஐந்து வருடங்களுக்கு முன் அவனைப் பிரிந்த மனைவி, மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்ததும் அங்கேதான். சுற்றுலா விசாவில் போனால் வருடத்துக்கு முப்பது நாள் மகளைப் பார்க்கலாம். அதில் முதல் பத்து நாள், அவளுக்கு இவனிடம் கூச்சம் தெளிவதற்கே போய்விடும். குடியுரிமை கிடைத்தால் அவள் பள்ளிக்கூடம் இருக்கிற தெருவிலேயே ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். வேறு எதற்கும் அவன் ஆசைப்படவில்லை.

முட்டுக்கட்டை போட்டது சாட்சாத் தாத்தாவேதான். பிறப்புப் பதிவில் அவருக்கு ஒரு பெயர். சிறுவனாக இங்கே வந்து இறங்கியபோது பெயர் என்ன என்று கேட்டவர்களிடம், மனிதர் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிவைத்தார். அதன்பின் கல்யாணம், உத்தியோகம், சாவு எல்லாமே செல்லப் பெயரில்தான் நடந்தன. இருவரும் ஒரே ஆள்தான் என்று, உயிரோடு இருக்கும் ரத்த உறவு ஒருவர் அதிகாரி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அப்பா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. மிச்சம் இருந்தவள் அத்தை ஒருத்திதான்.

அப்படித்தான் அவனுக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. ஒரே ஊரில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்துகொண்டு மூன்று வருடமாக அவன் எட்டிப்பார்த்ததில்லை. காரணம் கேட்டால் வேலை, அலைச்சல் என்று அடுக்குவான். உண்மை வேறு. புருஷனும் பிள்ளையும் இல்லாத அந்த வீட்டில் உட்கார்ந்தால், தன்னுடைய வயசான காலம் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல் அவனுக்குப் பயமாக இருக்கும். போன மாதம் ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னபோது அத்தை குத்திக்காட்டவில்லை. எங்கே வரணும் சொல்லு என்று மட்டும் கேட்டாள். தேதி கிடைப்பதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அதனால் அதிகாரியே இங்கே வருவதாக ஏற்பாடு.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. அத்தை கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு அவன் கேட்டான்.

"ஊசி போடச் சொல்லிடவா அத்தை?"

"அவர் திரும்பிப் போயிட்டா மறுபடி எப்ப வருவாரு?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அப்ப சும்மா இருடா."

அவன் சும்மா இருந்தான். இருந்திருக்கக் கூடாது என்று அப்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி பன்னிரண்டரைக்கு வந்தார். அத்தையின் அடையாள அட்டையை அவளுடைய கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இவன்தான். ஆனால் அவர் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டபோது இவன் கண்ணெல்லாம் அவர் கொண்டுவந்த முத்திரையின் மேல் இருந்தது. அத்தை பிசிறில்லாமல் பதில் சொன்னாள். இரண்டு பெயரும் என் அப்பாவுடையதுதான். எனக்குச் சந்தேகமே இல்லை. கையெழுத்துக் கோணலாக விழுந்தது. பரவாயில்லை, செல்லும் என்றார் அதிகாரி.

அதன்பிறகு நர்ஸ் வந்து ஊசி போட்டாள். அத்தை உறங்கினாள். நாலு மணிக்கு அவன் கீழே வாசலுக்குப் போய், முத்திரை குத்திய காகிதத்தைப் படம் பிடித்து, "அப்பா வந்துடுவேன்" என்று மகளுக்கு அனுப்பினான். திரும்பி மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள்.

கீழ்த்தள அலுவலகத்தில் குமாஸ்தா இறப்புப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். இறந்தவரின் தகப்பனார் பெயர் கேட்டார். அவன் இரண்டு பெயரையும், பிறந்த ஊரையும், வருடத்தையும், பதிவு எண்ணையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"பேரு மட்டும் போதும் சார்" என்றார் குமாஸ்தா. "இறந்தவங்களோட பிறந்த தேதி?"

அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடமாகத் தூக்கிச் சுமந்த கோப்பில் தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், அவன் இருந்தான். வாரிசு வரிசையில் அத்தை வரவில்லை. அவளுக்கென்று ஒரு காகிதமும் தேவைப்படவில்லை. கைப்பையைத் திறந்து மறுபடி அட்டையை எடுத்தான். எழுபத்திரண்டு வயது. பிறந்தநாள் போன மாதம்தான் போயிருந்தது, இவன் ஃபோன் செய்த இரண்டாம் நாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தேதியைப் படித்துச் சொல்லாமல் அட்டையையே நீட்டினான்.

அதற்குள் அத்தையின் பக்கத்து வீட்டுக்காரி ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். தையல்கடை வைத்திருப்பவள். அத்தைக்கு உடுத்த நல்ல உடையாகப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கதானே அண்ணன் மகன் என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"உங்களைப் பார்த்ததே இல்லீங்க. நீங்க ஞாயித்துக்கிழமை வர்ற நேரம் நான் கடையில இருப்பேன். அவங்க பிறந்தநாளுக்கு நீங்க வாங்கிட்டு வந்தீங்களே கேக், அதுல எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாங்க."

குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். அவன் துணிப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சுங்க. ஆனா கொஞ்சம் பெரிசா வாங்கிட்டீங்கன்னு குறைபட்டுக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவுன்னு."

படிவம் அவன் பக்கம் வந்தது. தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணன் மகன் என்று எழுதினான். பாதியில் காகிதம் நனைந்து மை பரவிவிட்டது. குமாஸ்தா மேஜை இழுப்பறையைத் திறந்து வேறொரு படிவம் எடுத்து, முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார்.