பானையில் விழுந்த பச்சைத்தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் ஊசியும் கத்தரிக்கோலும் ஒரே பானையில்தான் கொதிக்கும். மலைக்குளிரில் நோயாளிகளின் வீட்டாரும் அதிலேயே சுடுதண்ணீர் மொண்டுகொள்வார்கள். மொண்டவர் அதே அளவு பச்சைத்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் போவார். பானையைக் குறையாக விட்டுப்போவது தொழிலாளர் லயத்தில் மரியாதை இல்லை.

போன மாதம் பாஞ்சாலையின் பிள்ளை தொப்புளில் சீழ் வைத்து இறந்தது. கொடி வெட்டிய கத்தரிக்கோல் சரியாகக் கொதித்ததா என்று வைத்தியம் பார்க்கும் டிரசர் சுப்பிரமணியம் கேட்டார். பிரசவத்துக்கு நிற்கும் நர்ஸ் மிஸ்ஸி நவமணிக்கும் தெரியவில்லை, உதவிக்கு இருக்கும் எனக்கும் தெரியவில்லை. பிரிஞ்சாங் டவுனில் ஒரு கெட்டில் வாங்கி வீட்டாருக்கென்று தனியாக வைத்தோம். பானையில் பச்சைத்தண்ணீர் விழுந்தால் பார்த்தவர் உடனே சொல்ல வேண்டும், யார் சொன்னாலும் மற்ற இருவரும் கையை நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

இன்று காலை நீலாவதிக்குப் பிரசவம். பிள்ளை அழுத நேரத்தில் நான் துணி எடுக்கத் திரும்பியிருந்தேன். அடுப்புப் பக்கம் சளக்கென்று ஒரு சத்தம். நீலாவதியின் மாமியார் மணியம்மா குவளையோடு வெளியே போவது தெரிந்தது. கெட்டிலில் ஊற்றினாரா, பானையிலா? நான் பார்க்கவில்லை.

டிரசர் பானையிலிருந்து இடுக்கியால் கத்தரிக்கோலைத் தூக்கிவிட்டார். நான் சொல்வது தப்பாக இருந்தால்? இருந்தாலும் சொன்னேன்.

"ஐயா, நிறுத்துங்க. பானையில பச்சத்தண்ணி விழுந்த மாதிரி இருந்துச்சு."

"பாத்தியா?"

"பாக்கல. சத்தம் கேட்டுச்சு."

"மழைலா அது, கூரையில. பிள்ளைய எவ்வளவு நேரம் கொடி வெட்டாம வச்சிருக்கிறது?"

மிஸ்ஸி பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் வயிற்றின்மேல் வைத்தார். "பிள்ளைய நான் பாத்துக்கிறேன், ஐயா. அவ சொல்லிட்டாள்ல, போட்டுருங்க."

அவர் கத்தரிக்கோலைத் திரும்பப் போட்டார். நான் விறகைத் தள்ளினேன்.

வாசலில் மணியம்மா எட்டிப் பார்த்தார். "மூணு பேரும் பானையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, அது என்ன சாமியா?"

"அதுல தண்ணி ஊத்துனீங்களாக்கா?" என்றார் டிரசர்.

"கெட்டில்ல ஒரு சொட்டு இல்ல. இதுல மொண்டேன், ஊத்துனேன். வெறுமனே விட்டுட்டுப் போக நான் என்ன அவ்வளவு கெட்டவளா?"

டிரசர் மூடியை எடுத்துப் பானையின்மேல் வைத்தார்.

"ஏன் மிஸ்ஸி, பிள்ளைக்கு ஏதாச்சுமா?" என்றாள் நீலாவதி.

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி கொதிக்கணும்."

பாஞ்சாலையின் பெயரை யாரும் எடுக்கவில்லை. மூடி ஆடத் தொடங்கியது. டிரசர் அப்போதும் இடுக்கியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம், ஐயா," என்றேன்.