யார் வீட்டு விரல்

குட்டி பிறந்த அன்றே நாத்தனார் தொட்டில் மேல் குனிந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மூக்கைப் பாரு, அப்படியே எங்கப்பா. விரலைப் பாரு, என் விரல்!" பத்து மாதம் சுமந்தவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவளுக்கென்று ஒரு காது மடலைக்கூட மிச்சம் வைக்கவில்லை அந்த மகராசி.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல், குட்டிக்கு இருபத்தாறு வயதாகியும் அடங்கவில்லை. பெண் பாடினால் எங்க வீட்டுக் குரல், கணக்கில் நூறு வாங்கினால் எங்க வீட்டு மூளை. அடம்பிடித்தால் மட்டும், "இது யார் புத்தியோ!" போதாக்குறைக்கு, நாத்தனார் நடத்தும் அழகு நிலையத்திலேயே முடிவெட்டும் வேலைக்குச் சேர்ந்து, கடை மாடியில் அத்தையோடு குடியும் போய்விட்டாள் குட்டி. அம்மாக்காரி சலவை நிலையத்தில் இஸ்திரி மேசை முன்னால் நின்றபடி ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். பெற்ற பெண் விருந்தாளி மாதிரி வந்து போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்தப் புகழ்பெற்ற விரல்கள்தான் இப்போது வீங்கிக் கிடந்தன. கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டால் நுனியெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு நீலம் பாரித்தது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் டாக்டரம்மா குட்டி, அம்மாக்காரி, நாத்தனார் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இது இணைப்புத் திசு நோய். தோல், மூட்டு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் தாங்கிப் பிடிச்சிருக்கிற திசுவை, உடம்போட எதிர்ப்புச் சக்தியே எதிரின்னு நினைச்சு அடிக்குது. மருந்து இருக்கு, கட்டுக்குள்ள வைக்கலாம். கொஞ்ச மாசம் கத்தரிக்கோலைத் தொடாதே, என்ன?"

கத்தரிக்கோல் இல்லையென்றால் கடை மாடி எதற்கு? பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். நோயின் பேரைக் கேட்ட கையோடு இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அம்மாக்காரி தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் நினைப்பு போகவில்லை.

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி உண்டா? குளிர்ல விரல் வெளுக்கிறது, மூட்டு வீக்கம்?"

நாத்தனார் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுலயா? எங்க பரம்பரையிலயே கிடையாது டாக்டர்!"

குட்டியிடம் இருக்கும் ஒன்றை அந்த வாய் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. விடுவாளா அம்மாக்காரி?

"எனக்கு இருக்கு டாக்டர்! எனக்கு!" பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையையே தூக்கிவிட்டாள். "சின்ன வயசுலேருந்து வெளுக்கும். துவைக்கிற பக்கம் நிக்க முடியாமதான் இஸ்திரிக்கு மாறினேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. இது என்கிட்டேருந்து வந்ததுதான். என் பொண்ணாச்சே!"

தன் குரலில் இருந்த சந்தோஷம் அப்புறம்தான் அவள் காதிலேயே விழுந்தது. குட்டி திரும்பி அவளைப் பார்த்தாள். அம்மாக்காரிக்குக் கூசிப்போயிற்று.

டாக்டரம்மா தலையாட்டினார். "உங்களையும் பரிசோதிக்கணும். ஆனா நீங்கதான் கொடுத்தீங்கன்னு சொல்ல முடியாதும்மா. ஒரு ஜீன் செய்யுற வேலை இல்ல இது. சின்னச் சின்னதா நிறைய ஜீன் சேரணும். அம்மா பக்கம் கொஞ்சம், அப்பா பக்கம் கொஞ்சம் வந்திருக்கலாம். அது இருக்கிற எல்லாருக்கும் நோய் வர்றதும் இல்ல. அப்பா பக்கம் தைராய்டு, அந்த மாதிரி எதுவும் இல்லையா?"

நாத்தனார் தொண்டையைச் செருமினாள். "நான் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடறேன். எதிர்ப்புச் சக்திக் கோளாறுன்னுதான் சொன்னாங்க. அதுவும் இதுல சேருமா?"

"சேரும். ஒரே குடும்பத்துல ஆளுக்கு ஒரு வடிவத்துல வரலாம்."

அடக் கடவுளே, இதிலும் பங்கா! பாழாய்ப்போன ஒரு நோய், அதையாவது முழுசாக அம்மாக்காரிக்கு விட்டுக்கொடுத்தாளா பாருங்கள்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் குட்டி நடுவில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த ஏசி குளிரில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அம்மாக்காரி தாவி அவற்றைப் பிடித்துக்கொண்டாள். தன் விரல்களும் அதே வெளுப்பு. எது யாருடையது என்றே தெரியவில்லை. இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் தவித்தாள்!

"வீட்டுக்கு வந்துடு குட்டி. நான் பார்த்துக்கறேன்."

குட்டி மெல்லக் கையை உருவிக்கொண்டாள். "உன் கை ஐஸா இருக்கும்மா. வலிக்குது. அத்தை, நீங்க பிடிங்க."

நாத்தனாரின் கொழுத்த கைகள் இரண்டும் குட்டியின் விரல்களை மூடிக்கொண்டன.

அம்மாக்காரி எழுந்து டீ எந்திரத்துக்குப் போனாள். ஒரு கோப்பை பிடித்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். விரல் சிவந்து குத்தியது, எரிந்தது, கோப்பையை அவள் விடவில்லை. ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையை வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணி. இப்பத் தொட்டுப் பாருடி."

குட்டி தொட்டுப் பார்த்தாள். பிறகு அத்தையிடமிருந்து ஒரு கையை உருவி அம்மாவிடம் கொடுத்தாள். ஒரு கையைத்தான் கொடுத்தாள். அத்தை மடியிலேயே கிடந்த இன்னொரு கையைப் பார்க்கப் பார்க்க அம்மாக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை.