வேர்க்காத ஆத்தா

மதுஷாவுக்கு வேர்க்காது. பிறந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வாயில் கூராக ஆறு பல், தலையில் எண்ணிவிடலாம் போல முடி. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பத்தொன்பது வருசமாக அவளுக்குப் பட்டப்பெயருக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை.

போன மாதம் மலையில் கொழுந்து பறிக்கையில் வெயில் தாங்காமல் விழுந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, வேர்வை மட்டும் இல்லை. அவ்வளவுதான், கோயில் தலைவர் புவனேந்திரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா எறங்கிட்டா. இந்த வருசம் தீச்சட்டி இந்தப் புள்ளதான் எடுக்கணும்."

நேற்றுவரை அவள் பல்லைப் பார்த்துச் சிரித்த கூட்டம் காலில் விழுந்தது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டாள் மதுஷா.

தீச்சட்டி ஊர்வலம் உச்சி வெயிலில். மதுஷா போய்ச் சொன்னதும், பதுளையில் தோல் டாக்டர் சுலோஜனா, யாழ்ப்பாணத்துக்காரி, பதறிப்போனார்.

"வேர்க்காட்டிச் சூடு வெளிய போகாது. பாதி வழியில உயிர் போயிடும். கருவில தோல் வளரேக்க, இஞ்ச மயிர், இஞ்ச வேர்வைச் சுரப்பி எண்டு ஒரு செய்தி வரும் பிள்ளை. அதை எடுக்கத் தோல்செல்லுக்கு மேல ஒரு வாங்கி இருக்கு. அந்த வாங்கியைச் செய்யிற ஜீன் உமக்குப் பழுது. எலிக்கும் இதே ஜீன் இருக்கு. பழுதான எலிக்குக் காதுக்குப் பின்னால மயிர் இல்லை, வாலிலயும் இல்லை, பாதமும் வேர்க்காது."

கோயிலில் காட்டுவதற்கு இதையே தமிழில் எழுதியும் கொடுத்தார்.

புவனேந்திரன் கடிதத்தை வாசித்தார். எலி வந்த இடத்தில் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, புள்ளையாரு வாகனம். டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க."

பதுளை டாக்டருக்குத் தெரியாத வைத்தியம் இந்த மேதைக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டு அம்மா பாக்கியலெட்சுமியும் மகளைக் கும்பிட்டாள். மதுஷாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

திருவிழாவன்று தப்பு முழங்கியது. மஞ்சள் சேலை கட்டி நிறுத்தி, தகதகவென்று எரியும் சட்டியை அவளிடம் நீட்டினார்கள். மதுஷாவுக்குப் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. தலையை ஒரு சிலுப்பு சிலுப்பினாள்.

"டேய் புவனேந்திரா, நான் ஆத்தாதானே?"

"ஆமா தாயி," என்று கை கூப்பினார் தலைவர்.

"அப்ப கேளு. சட்டிய நீ எடு. வேப்பிலகூட வேணாம், வெறுங்கையில எடு."

தப்பு நின்றது. சனமெல்லாம் தலைவரைப் பார்த்தது. "ஆத்தா உத்தரவு, எடுங்க," என்றார் ஒருவர். புவனேந்திரனுக்கு நெற்றி, கழுத்து, தொப்பை எல்லாம் வேர்த்து ஊற்றியது.

"இல்லீங்க, இது சாமி இல்லீங்க," என்றார். "நோயி. தோல்ல ஒரு ஜீனு பழுதாம், எலிக்கும் அப்புடித்தானாம். வேர்க்காட்டி சூடு வெளிய போகாதாம். இந்தப் புள்ளைய வெயில்ல நிறுத்துனா செத்துருமுங்க."

மனுசன் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். பிள்ளையாரை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

கூப்பிய கையோடு நின்றிருந்த பாக்கியலெட்சுமி தலைவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கையை இறக்கினாள். மஞ்சள்நீர்க் குடத்தைத் தூக்கி மகளின் தலையில் முழுவதுமாக ஊற்றினாள்.

"நெழலுக்கு வா புள்ள," என்றாள்.